ஐந்தாவது ஆள்

உலகம் என் மடியில் சூடாக இருக்கிறது.
பள்ளிக்கூடத்தில் கொடுத்த லேப்டாப்,
அடியில் ஓர் எவர்சில்வர் தட்டு.
விசிறி, அரிசி தீர்ந்த கிரைண்டர்போல இழுக்கிறது.
ரூட்டர் முன்னறையில். நடுவே கான்கிரீட் சுவர்.
கட்டிலில் ஒரு கோடு, அதுவும் வந்து வந்து போகும்.
குளியலறை வாசலில் உட்கார்ந்தால் மூன்று.
அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன், இரண்டு வருடமாய்.

அம்மா மைக்ரோவேவில் பால் வைத்தால்
எல்லாரும் எடுத்த காலோடு உறைந்துவிடுவார்கள்.
அவர்கள் திரையில் ஆடுகூட மெல்லாதாம்.
“எம்மா, ஒரு நிமிசம்!”
ஒரு டம்ளர் பாலுக்காக உலகம் நிற்கும் என்பதை
அவள் இன்றுவரை நம்பியதில்லை.

டைட்டஸ் சமாதானபுரம். ஜுலைகா மேலப்பாளையம்.
ஆவுடையப்பன் சார்ஜா, பிங் நூற்றெழுபது;
அவன் வீசிய வாள் போய்ச் சேருவதற்குள்
எதிரி வேறு வேலை பார்க்கப் போயிருப்பான்.
நான் வண்ணார்பேட்டை. ஹோஸ்ட்.
நான் மூடி வைத்தால் நாலு ஊரிலும் இருட்டு.

கட்டிக்கொண்டிருப்பது எங்கள் ஆற்றுப் பாலம், கட்டை கட்டையாக.
வளைவு எத்தனை என்று சண்டை முற்றி
டைட்டஸ் ராத்திரியே பைக்கை எடுத்துப் போய்
எண்ணிவிட்டு வந்தான்.

முதலில் யாராலும் உள்ளே வர முடியவில்லை.
கஸ்டமர் கேரில் ஒரு பெண் பொறுமையாகச் சொன்னாள்:
“உங்களுக்குன்னு தனி முகவரி கிடையாது மேடம்,
உங்க ஏரியாவுக்கே சேர்த்து ஒண்ணுதான்.”
வெளியே நின்று தட்டுகிறவன்
எந்த வீட்டைத் தட்டுவான்?

அப்புறம் முப்பிடாதி வந்தான், இணைப்பு கொடுக்கிறவன்.
மாதம் இருநூற்றைம்பது கூட வாங்கி
தனி முகவரி போட்டுக் கொடுத்தான்,
ரூட்டருக்குள் ஒரு கதவு எண்ணைத் திறந்து வைத்தான்.
வைத்தவன் கிளம்பவில்லை. திரையைப் பார்த்தபடி
“எத்தன பேரு ஆடலாம்க்கா?”
“எட்டு.”
“அப்ப எடம் கெடக்கு.”

ஐப்பசி. ராத்திரி பதினொன்றே கால்.
ஒன்பதாவது வளைவில் தொங்கிக்கொண்டிருந்த டைட்டஸ்
பேச்சின் நடுவில் காணாமல் போனான்.
முப்பிடாதியின் போன் அடித்தது, எங்கள் எல்லார் காதிலும்.
“சமாதானபுரம் முக்குல கொப்பு முறிஞ்சி
லைன் மேல கெடக்காம். போயிட்டு வாரேன்.
என் ஆளப் பாத்துக்கிடுங்க.”

அவன் ஆள் பாலத்தின் நடுவில் நின்றான்,
கையில் தீப்பந்தம், முகம் கிழக்கே.
விளையாட்டிலும் இருட்டிவிட்டது.
பச்சைத் தோல்காரர்கள் ஏறி வரத் தொடங்கினார்கள்.
ஜுலைகா வில்லோடு ஒரு முனை, நான் மறுமுனை.
ஆவுடையப்பன் காற்றை வெட்டிக்கொண்டிருந்தான்.

மைக்கை அணைக்காமல் போயிருக்கிறான்.
வண்ணார்பேட்டையில் ஒரு சொட்டு இல்லை;
பெருமாள்புரத்தில் அவன் இல்லாத அறைக்கு மேல்
தகரத்தில் பெய்த மழை எங்களுக்குக் கேட்டது.
இடையில் ஒரு பல்லி.
யாரும் மியூட் பண்ணவில்லை.
“சத்தத்தக் கூட்டுட்டி” என்றான் ஆவுடையப்பன்,
அதற்குப் பிறகு ரொம்ப நேரம் வெட்டவில்லை.

அந்நேரம் எங்கோ ஒரு கம்பத்தில்
போனைப் பல்லில் கடித்து வெளிச்சம் வைத்து
முடியினும் மெல்லிய கண்ணாடி இழையை
இன்னொன்றோடு சேர்த்துக்கொண்டிருந்தான்.
இங்கே அம்புகள் தீர்ந்தன.
கையிலிருந்த செங்கல்லையெல்லாம் போட்டு
அவனைச் சுற்றி நாலு சுவர், மேலே மூடி.

அம்மா பால் டம்ளரோடு வந்தாள். திரையைப் பார்த்தாள்.
“உள்ள யாரு?”
“நம்ம நெட்டுக்காரன்.”
மைக்ரோவேவ் கதவைத் திறந்தவள்
என்ன நினைத்தாளோ, மூடிவிட்டு
ஆறின பாலையே குடித்தாள்.

‘டைட்டஸ் இணைந்தார்’ என்று எழுத்து வந்தது.
சுவருக்குள் அசைவில்லை.
தூங்கப் போகலாம் என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

ஒன்று இருபதுக்கு நாற்காலி இழுபடும் ஓசை. தும்மல்.
“எவம்லே எனக்குக் கல்லறை கட்டுனது?”

உள்ளிருந்து ஒரு செங்கல் உடைந்தது.