நாற்பது கிராம்

மால்பிக்கா துறையில்
கொட்டலசு வாங்குகிறவள் நான்.
அலை பின்வாங்கும் ஒரு மூச்சுக்குள்
பாறையில் கயிறு கட்டித் தொங்கி
சுரண்டிக் கொண்டு வருவார்கள்.
தராசு என்னுடையது.
தட்டுக்கு அடியில் முட்டுக்கொடுக்கும்
கட்டைவிரலும்.

நாற்பது கிராம்தான்.
ஒரு முட்டையளவுகூட இல்லை.

முதல் நாள் நெஞ்சு அடித்துக்கொண்டது.
பிறகு விரலுக்கே பழகிவிட்டது;
நான் காற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பேன்,
அது தன் வேலையைப் பார்க்கும்.

தவக்காலத்தில் சொல்லத்தான் சொன்னேன்,
ஒரு கோபம், இரண்டு பொய்,
வெள்ளிக்கிழமை தின்ற இறைச்சி
இவற்றுக்கு நடுவே செருகி.
சல்லடைத் திரைக்கு அப்பால்
புதிதாக வந்த குரு கேட்டார்:
"தெரிந்தா? மனம் ஒப்பியா?"
"விரல்தான், சாமி" என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.

அந்த வாரம் சிப்ரான்
எடை இடிக்கிறதென்று
இன்னொரு முறை இறங்கினான்,
கடல் திரும்பும் நேரத்தில்.
சாகவில்லை. ஒரு பல், மூன்று நகம்.
ரத்தம் கசியக் கூடையை நீட்டினான்:
"இப்போது நிறுங்கள், எவுஃபேமியா.
குறைந்தால் என் கண்தான் கோளாறு."

இரவு
ரொட்டிக்கு மாவு நிறுத்தேன்,
எனக்கே எனக்கு, கதவைச் சாத்திக்கொண்டு.
தட்டுக்கு அடியில்
விரல் எழுந்து நின்றது.

நரகத்தில் நெருப்பு என்கிறார்கள்.
நான் பார்த்ததில்லை.
கையை இழுத்தேன்;
வருவதற்கு
அது யோசித்தது.

சனிக்கிழமை மறுபடி போகிறேன்,
இம்முறை எண்ணிக்கையோடு.
கோயிலுக்குப் போகும் வழியில்தான்
சிப்ரான் வீடு.