வெற்று நியமிப்பு

ஆளுக்கொரு போத்தல்.
சோடாப் போத்தல், நல்லெண்ணெய்ப் போத்தல்,
ரிஸ்மியா கொண்டுவந்தது தேன் போத்தல்,
மூடிக்குள் இன்னும் ஓர் எறும்பு.
ஆய்கூட மேசையில் வரிசையாக நின்றன
எங்கள் வீட்டுக் கிணறுகள்:
கிண்ணியா, தம்பலகாமம், பாலையூற்று,
கடைசியில் உப்புவெளி.
அது என்னுடையது.
"பேரிலேயே விடை கிடக்கே, பிறகேன் சோதனை?"
என்றான் யூஜின்.

மிஸ் வலயக் கந்தோருக்குக் கூட்டத்துக்குப் போய்விட்டா.
சவுந்தரநாயகம் அண்ணைதான்
அலுமாரியைத் திறந்து
கபிலப் போத்தலை எடுத்துவந்தார்.
வெள்ளி நைத்திரேற்று.
"சொட்டுக்குச் சொட்டு கணக்கு, பிள்ளையள்.
இது முடிஞ்சால் அடுத்த வருசம்தான்."
யன்னலுக்கு வெளியே டச்சு பே.
அவ்வளவு உப்பை வைத்துக்கொண்டு
அது பாட்டுக்குக் கிடந்தது.

எங்கள் வேலிக்கு அந்தப்பக்கம் ஹோட்டல்.
மூன்று பம்புகள், இரவிலும் ஓயாது.
இரண்டு வருடமாக எங்கள் தேநீர் திரைகிறது,
சோறு கரிக்கிறது,
செவ்வாயும் சனியும் பவுசருக்குக் குடம் வைக்கிறோம்.
அப்பா பிரதேச சபைக்கு எழுதினார்.
பதில் வந்தது:
எழுத்துமூல ஆதாரம் இணைக்கவும்.

ஆகவே எனக்கு ஓர் எண் தேவைப்பட்டது.
பெரிய எண்.

குழாயியால் இருபத்தைந்து, காய்ச்சி வடித்த நீர் இருபத்தைந்து,
குரோமேற்று ஒரு மில்லி. குடுவை மஞ்சளானது.
அளவியின் வாயைத் திறந்தேன்.
முதலில் வெள்ளை, தயிர் உடைந்தாற்போல.
பிறகு விழுந்த இடத்தில் மட்டும் ஒரு சிவப்பு,
சுழற்றினால் போய்விடும்.
விழும், போய்விடும்.
பதினெட்டு தசம் நாலில்
போகவில்லை.
செங்கட்டி நிறம் அப்படியே நின்றது.
நான் கண்டேன்.
கண்டபிறகும் கையை எடுக்கவில்லை.
பன்னிரண்டு துளி.
பத்தொன்பது என்று பேனையால் எழுதினேன்.

எல்லாம் முடிந்து மேசை துடைக்கும்போது
ரிஸ்மியா கேட்டாள்:
"வெற்று செய்தனாங்களா?"

யாரும் செய்யவில்லை.
முதலில் செய்திருக்கவேண்டியது.
வடித்த நீரை மட்டும் எடுத்து, மஞ்சளாக்கி,
ஒரு சொட்டு, இரண்டு சொட்டு, சிவந்துவிட வேண்டும்.
சிவக்கவில்லை.
ஒரு மில்லி. இரண்டு.
இரண்டு தசம் ஒன்பதில்தான் முகம் காட்டியது.
கபிலப் போத்தலும் அதோடு காலி.

சவுந்தரநாயகம் அண்ணை தலையைச் சொறிந்தார்.
"முந்தநாள் கரண்ட் இல்லைத்தானே.
வடிக்கேலாமல் போச்சு.
ஒரு போத்தில் மட்டும் பைப்பில பிடிச்சனான்."
எந்தப் போத்தில், அண்ணை?
அவருக்கு ஞாபகமில்லை.

யூஜினுடைய வாசிப்பு மூன்று.
மூன்றிலிருந்து இரண்டு தசம் ஒன்பதைக் கழித்துப் பார்த்து
ரிஸ்மியா சொன்னாள்,
"உங்கட கிணத்தில மழையைத் தவிர வேறொண்டும் இல்லை."
எல்லோரும் சிரித்தோம்.
சிரிப்புச் சத்தத்துக்கு விறாந்தையில் நின்ற மான் ஒன்று
யாரோ வைத்துவிட்டுப் போன வரைபுத்தாளை
வாயில் கவ்வியபடி இறங்கி ஓடியது.

நானும் கழித்துப் பார்த்தேன்.
பொய்யிலிருந்து கழித்தேன், மெய்யிலிருந்தும் கழித்தேன்.
எப்படிக் கழித்தாலும்
குடிக்கேலாத தண்ணீர்தான்.
அந்தப் பன்னிரண்டு துளி இல்லாமலே.

பஸ்ஸில் யன்னலோரம்.
வெயில் பட்டுப் பட்டு விரல் கறுத்துக்கொண்டு வந்தது.
காலையில் சிந்தியபோது நிறமே இல்லை அதற்கு.
"என்ன தங்கச்சி, வோட்டுப் போட்டாச்சோ?"
மிச்சக்காசு தந்தபடி கொண்டக்டர்.
எனக்குப் பதினேழு வயது.
விரலை மடக்கிக்கொண்டேன்.

வாளியில் அள்ளிக் கழுவினேன்.
சவர்க்காரம் நுரைக்காமல் திரிதிரியாய் மிதந்தது,
கறுப்பு அசையவில்லை.
செய்முறைக் கொப்பியின் முதற்பக்கத்தில் இருக்கிறது:
பிழையை அழிக்கக்கூடாது.
ஒற்றைக் கோடு. அடியில் உள்ளது தெரியவேண்டும்.
கோடு போட்டேன்.

அப்பா சைக்கிளை நிறுத்தமுன்னமே கேட்டார்,
"எவ்வளவு வந்தது?"
பதினெட்டு தசம் நாலு.
"அது கூடவோ, குறையவோ?"
இன்னும் கழிக்கவேணும், அப்பா.
எவ்வளவு எண்டு
எந்தப் போத்தில் எண்டு தெரிஞ்சால்தான்.

அவர் என் விரலைப் பார்த்தார்.
வேலிக்கு அந்தப்பக்கம்
மூன்றாவது பம்பும் ஓடத் தொடங்கியது.