படிவம் பதினேழு

பெறுநர்: வான்வடப் புலனாய்வுப் பிரிவு, மக்காப்பா.
பொருள்: கூட்டாளியை மாற்றித் தர வேண்டி.

ஐயா,
இது மூன்றாவது மனு.
முதல் இரண்டும் எங்கே போயின என்று கேட்கமாட்டேன்.
உங்கள் அலமாரிக்கு வாய் உண்டு, வயிறு உண்டு,
காதுதான் வைக்க மறந்துவிட்டார்கள்.

நான் தாவெத். எஸ்தோனியன்.
கதவைத் திறக்குமுன் கீல்களை எண்ணுகிறவன்.
அவள் ஜந்தீரா. அமேசானின் இந்த முகத்துவாரத்தில் பிறந்தவள்.
அங்கே ஒரு கதவு இருந்தது என்பதையே
உடைத்து உள்ளே போனபின்தான் கேள்விப்படுகிறவள்.

மண்ணில் கட்டி விண்ணில் தொங்கவிட்ட உங்கள் வடத்தில்
ஏறும் பெட்டிக்குள் ஒன்பது நாள்.
ஒரு குளியலறை. இரண்டு துப்பாக்கி.
மௌனம் ஒன்றே ஒன்று, அதுவும் நான் கொண்டுவந்தது.
கேட்காமல் எடுத்துச் செலவழித்துவிடுகிறாள்.

துக்குமா பழத்தைக் கடித்து
நாரை என் வரைபடத்தின்மேல் துப்புகிறாள்.
காய்ந்த நார்களை எதிரியின் பாதை என்று நினைத்து
நான் அரைநாள் ஆராய்ந்ததை
ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

இதில் நீங்கள் வேறு
அவள் இதயத்தை என் காதில் வைத்துத் தைத்தீர்கள்.
பாதுகாப்புக்கு என்றீர்கள்.
தூக்கத்திலும் அது மராபாய்ஷோ முழவு அடிக்கிறது.
என் இதயம் அவளுக்கு எப்படிக் கேட்கிறதாம்?
கடன் வசூலிக்க வந்தவன்
நாகரிகமாகக் கதவு தட்டுவதுபோல.

பதினேழாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் நடந்ததை
அறிக்கையில் எழுதியிருக்கிறேன்.
எழுதாமல் விட்டது இது:

வடத்தை அறுக்க வந்தவன்
பழுதுபார்ப்பவன் உடுப்பில், பணிவாக, நின்றிருந்தான்.
நான் அவன் இடுப்பிலிருந்த கருவிகளை எண்ணினேன்.
பட்டியலில் ஆறு. இடுப்பில் ஏழு.
ஏழு, ஏழு என்று கண்ணால் கத்துகிறேன்;
இவள் அவனிடம் கதை பேசிக்கொண்டிருக்கிறாள்.
எந்தக் கரை, என்ன மீன்,
உன் அம்மா ஆசாயியில் சர்க்கரை போடுவாளா?
நிறையப் போடுவாள் என்றான் அவன்.

இந்த ஆற்றங்கரையில்
எந்தத் தாயும் போடமாட்டாளாம்.

ஒரே நொடியில் இருவரும் பாய்ந்தோம்.
அவள் முழங்கை என் மூக்கை உடைத்தது.
விலங்கு மாட்டிய பிறகும்
அவன் எங்களைப் பார்த்துச் சிரித்தபடியே இருந்தான்.
எண்ணிக்கையால் பிடித்தோமா, சர்க்கரையால் பிடித்தோமா
என்ற வழக்கு
தரையிறங்கும்வரை நடந்தது.
தீர்ப்பு இல்லை.

எங்களுக்கு முன் இந்தப் பெட்டியில் இருந்த இருவரும்
அப்படி இசைந்தவர்களாம்.
ஒருவர் தொடங்கும் வாக்கியத்தை மற்றவர் முடிப்பாராம்.
அலுவலகச் சுவரில் படம் மாட்டியிருக்கிறீர்கள்.
இருவரும் ஒரே பக்கம் பார்த்துச் சிரிக்கிறார்கள்.
அன்றைக்கும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தார்களாம்,
முதுகுக்குப் பின்னால் மற்றக் கதவு திறந்தபோது.

இதனால் நான் மனம் மாறிவிட்டேன் என்று
தயவுசெய்து குறித்துக்கொள்ளாதீர்கள்.
ஓர் உறையில் இரு கத்தி போட்டவர்
உறைக்கும் பதில் சொல்லவேண்டும்.

கூடவே ஒரு கருவிப் புகார்.
சென்ற வியாழன் இரவு இணைப்பு அறுந்து
பதினோரு நிமிடம் என் காது வெறுமையாய்க் கிடந்தது.
மூன்று ஆண்டாய் நான் கேட்டுவந்த அமைதி.
அதில் எண்ணுவதற்கு ஒன்றுமே இல்லை.
எழுந்துபோய் அவள் அறை விளக்கைப் பார்த்துவிட்டுத்
தண்ணீர் குடிக்க வந்ததாகச் சொன்னேன்.
சரிசெய்து தரவும்.

படிவத்தின் அடியில் இருவரும் கையொப்பமிட வேண்டுமாம்.
அவளுக்கு முழுச் சம்மதம்.
தேதிதான் தகராறு.
பதினான்கு என்கிறேன் நான்.
மேலே நாம் விடியலைப் பலமுறை பார்த்தோமே,
பதினைந்துக்குக் குறையாது என்கிறாள்.
இழுபறியில்
பழச்சாறு பட்ட மூலையில் தாள் கிழிந்தது.

இன்னொரு படிவம் அனுப்பவும்.