ஓரம் வெட்டிய படம்

தலைஞாயிறு பக்கம் நூற்று நாற்பது வீடு
இன்றைக்கு என் கணக்கு.
மீட்டருக்கு நேரே போனைப் பிடித்து
எண் விழுந்ததும் அட்டையில் எழுதி
அடுத்த வாசல்.
சாம்பல் பெட்டி, கறுப்பு எண்.
சாம்பல் பெட்டி, கறுப்பு எண்.
மதியத்துக்குள் கண்ணில் ஒரு புழுதி படிந்துவிடும்.

அதைத் துடைக்கத்தான் தொடங்கினேன்.
முதலில் ஒரு பிளாஸ்டிக் குடம், கிளிப்பச்சை.
பின்னால் ரோஸ்மில்க் நிறத்தில்
தொகுப்பு வீட்டுச் சுவர்.
குடத்தின் வாயில் கவிழ்ந்த சிவப்பு மக்.
வேறொன்றுமில்லை.
பதினொன்றரை மணி வெயில்
மூன்றையும் ஒன்றோடொன்று மோதவிட்டு
வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.

பிறகு விட முடியவில்லை.
மதகின் பல்சக்கரத்தில் புது சிவப்பு பெயிண்ட்,
கீழே அரிச்சந்திரா ஆற்றை மூடிய ஆகாயத்தாமரை.
தார்ப்பாய் நீலம்;
வானத்தில் இல்லாத நீலம் அது,
புயலடித்த வருஷம் லாரி லாரியாய் வந்திறங்கியது,
இப்போது அதன்மேல் குறுவை நெல் காய்கிறது.
நெல்லுக்கு நடுவே கழற்றிப் போட்ட
ஒற்றை ஊதாச் செருப்பு.

உச்சி வெயிலில் எல்லாம் வெளிறும்.
திரையில் விரலை அழுத்தி
அந்தக் குட்டிச் சூரியனைக் கீழே இழுக்க வேண்டும்.
நிழல் கறுக்கும்,
மஞ்சள் தன் மஞ்சளுக்குத் திரும்பும்.
இதை யாரும் சொல்லித் தரவில்லை,
ஒருநாள் கைதவறி இழுத்தேன்.

லைன்மேன் குணசீலன் போனை வாங்கித் தள்ளித் தள்ளிப் பார்த்தான்.
'ஏம்மா, ஒரு படத்துலயும் மனுசனக் காணோமே?'
மனுசர் தலைசீவப் போய்விடுவார்கள் என்றேன்,
வாளி போகாது.
சிரித்துக்கொண்டே திருப்பித் தந்தான்.
உள்ளங்கையில் கருகி வழவழத்த தழும்பு,
போன ஐப்பசி மழையில்
யாரோ போட்ட கொக்கி கொடுத்தது.

வைரக்கண்ணு வீட்டில் நீலக் கதவு.
இரண்டு மாதத்துக்கு நாற்பத்தொரு யூனிட்.
உள்ளே தையல் மோட்டார் நின்றது,
மகள் தர்ஷிகா எட்டிப் பார்த்தாள்.
'வாளியவா எடுக்குறீங்க?'
எலுமிச்சை மஞ்சள், புதுசு, ஸ்டிக்கர்கூட உரிக்கவில்லை.
அவளே தூக்கிப் போய்
கதவோரம் வெயில் விழும் இடத்தில் வைத்தாள்.
'இங்கன வச்சா எடுப்பா இருக்கும்க்கா.'
இருந்தது.

ராத்திரி அறையில் படத்தைப் பெரிதாக்கினேன்.
மஞ்சள். நீலம்.
வலது மேல் மூலையில்
கண்ணில் விழுந்த முடியாட்டம் ஒரு கறுப்புக் கோடு.
முடியில்லை.
கம்பத்திலிருந்து இறங்கி
கூரையிடுக்கில் நுழைகிறது.

வாசலில் நின்றபோது நான் பார்க்கவேயில்லை.
படத்தின் அடியில் தேதி, மணி,
எந்த ஊர் என்பதுகூட இருக்கிறது.
ஏ.இ.க்கு அனுப்ப ஒரு தட்டு போதும்.
பறக்கும் படை வரும், அபராதம் வரும்,
தையல் மிஷின் போகும்.
அனுப்பாவிட்டால் இன்னொரு மழை,
இன்னொரு உள்ளங்கை.

கட்டைவிரலால் ஓரத்தை உள்ளே தள்ளினேன்.
கம்பி போயிற்று.
கூடவே வாளியின் கைப்பிடியில் பாதியும்.
மூச்சுமுட்ட நின்றது மஞ்சள்.
சேமிக்கவா என்று கேட்டது போன்.
அப்படியே வைத்துவிட்டு விளக்கை அணைத்தேன்.

இரண்டு மாதம் கழித்துப் போனேன்.
தர்ஷிகா காத்திருந்தாள்.
தெருவெல்லாம் இரவல் வாங்கி
ஆறு வாளி, இரண்டு குடம்,
ஒரு ஆரஞ்சு முறம்,
நீலக் கதவுக்கு முன்னால் வரிசை.
மீட்டரில் நாற்பத்து மூன்று.

அட்டையில் எழுதினேன்.
பிறகு குந்தி உட்கார்ந்து
வாளிகளின் உயரத்துக்குப் போனைத் தாழ்த்தினேன்.
அங்கிருந்து பார்த்தால்
கூரை தெரியாது.
'இன்னும் கிட்ட வாங்கக்கா' என்றாள்.