நகப்பூச்சு

குத்தாயிசி பேருந்து நிலையத்தில்
டிக்கெட் சன்னலுக்கும் ரொட்டிக்கடைக்கும் நடுவே
ஒன்றரை ஆள் அகலம் என் கடை.
மழை பெய்தால் வாடிக்கைக்காரர் பாதி நனைவார்.

நுக்ஸார் பாதி நனைந்தபடி நின்றான்.
பத்தூமிக்கு வேன் ஓட்டுகிறவன்.
ஆள் நிரம்பும்வரை ஸ்டியரிங்மேல் வைத்து ஆடுகிற
அந்தச் சாம்பல்நிற கேம் பெட்டி
நேற்றோடு கண்மூடிவிட்டதாம்.
"என்ன செய்தாய்?"
"ஒன்றும் செய்யவில்லை."
எல்லோரும் ஒன்றும் செய்யாமல்தான் கொண்டுவருகிறார்கள்.
பிறகு ரொட்டிக்கடையைப் பார்த்துக்கொண்டு,
"மச்சானுடைய ரேடியோ சார்ஜரைச் செருகினேன்" என்றான்.

ஆறு திருகு. ஒன்று துரு.
மூடியைத் தூக்கியதும் வந்தது அந்த வாசனை:
பால் அடிப்பிடித்த மாதிரி, அதைவிடக் கசப்பாய்.
மின்சாரத்தைப் பங்கிட்டுத் தருகிற சிப்பின் முதுகில்
மிளகளவு ஓட்டை.

இதற்கு முன்னால் ஒரு ஃபியூஸ் உண்டே.
அரிசிக்குருணை அளவு,
சாவதற்கென்றே வாசலில் நிற்கிற ஒன்று.
தப்பான மின்சாரம் வந்தால் முதலில் அது போகும்,
மற்றதெல்லாம் பிழைக்கும்.
அதுதானே ஏற்பாடு?

லென்ஸை இறக்கிப் பார்த்தேன்.
ஃபியூஸ் இருக்கவேண்டிய இடத்தில்
யாரோ ஒரு மகானுபாவன்
டெலிபோன் கம்பியின் ஒற்றை இழையை
இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு
ஈயம் வைத்து ஒட்டியிருந்தான்.
"எந்தக் கழுதை பார்த்த வேலை இது?"
நுக்ஸார் தோளைக் குலுக்கினான்.
திபிலிசியில், லீலோ சந்தையில் வாங்கினானாம்,
எட்டு வருஷம் முன்பு,
ஒரு ஜோடி வைப்பரோடு சேர்த்து.

கம்பியைச் சுரண்டினேன்.
மேலே ஏதோ பூச்சு. பிளேடு நுனியில் செதிலாய் உரிந்தது.
இளஞ்சிவப்பு.
உள்ளே பொடிப்பொடியாய் மினுக்கம்.

கை நின்றுவிட்டது.

வார்னிஷ் கிடைக்காத நாளில்
ஈயத்தின்மேல் நகப்பூச்சு தடவியவள்
எனக்குத் தெரிந்து ஒருத்திதான்.
தொண்ணூற்றாறு, குளிர்காலம்.
கரன்ட் ராத்திரி இரண்டுக்கு வரும், மூன்றுக்குப் போகும்.
செம்புக்கோலை மண்ணெண்ணெய் அடுப்பில் காய்ச்சி
ஆறுவதற்குள் ஓடிவந்து தொட்டு எடுப்பேன்.
பத்தொன்பது வயது.
ஃபியூஸ் கேட்டால் மாஸ்கோவிலிருந்து வரணும் என்பார்கள்.
கம்பி வைத்தேன். திரை எரிந்தது.
ஒரு லரி வாங்கினேன்.
சாமர்த்தியக்காரி என்று பெயர் வேறு.
எத்தனை பெட்டிக்கு வைத்தேனோ.
எத்தனை பெட்டி இன்னும்
முதலில் சாக ஆளில்லாமல்
ஓடிக்கொண்டிருக்கிறதோ.

"லமாரா, யார் வேலையென்று தெரிந்ததா?"
"தெரிகிற மாதிரி இருக்கிறது."
"செத்துவிட்டானா?"
"கண்ணாடி போட்டிருக்கிறாள்" என்றேன்.
அவன் காதில் விழவில்லை.
வேனுக்குள்ளிருந்து யாரோ ஹாரன் அடித்தார்கள்.

ஃப்ளக்ஸ் ஒரு சொட்டு. வெப்பக்காற்று.
கருகிய சிப்
எல்லாக் காலையும் ஒரே சமயம் விட்டது.
பிய்ந்துபோன தடம் ஒன்றுக்கு முடியளவு செம்பு.
புதுச் சிப்பைக் கொஞ்சம் கோணலாகத்தான் வைத்தேன்;
ஈயம் இளகியதும்
அதுவே நகர்ந்து தன் இடத்தில் உட்கார்ந்தது.
எத்தனை முறை பார்த்தாலும் இதற்கு மட்டும்
மூச்சை அடக்கிக்கொள்வேன்.

கடைசியில் ஃபியூஸ்.
இடுக்கி முனையில் ஏதோ நடுங்கியது. ஃபியூஸ் அல்ல.
நீடூழி வாழ்க என்று சொல்லி வைக்கவில்லை.
வேளை வந்தால் தயங்காதே,
முதல் ஆளாய்ப் போய்விடு என்றேன்.

சுவிட்ச். பச்சைத் திரை. அந்த ஒற்றை மணியோசை.
ரொட்டிக்கடைக்காரி எட்டிப் பார்த்தாள்.

"எவ்வளவு?"
"சிப்புக்கு இருபது."
"ஃபியூஸுக்கு?"
"அதற்கு ஏற்கெனவே வாங்கியாயிற்று."
"நானா தந்தேன்?"
"மழை வலுக்கிறது, போ.
அந்தச் சார்ஜரை இங்கேயே விட்டுவிடு."

மச்சானுடையதாம். திருப்பித் தரணுமாம்.
இரண்டையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு
வேனுக்கு ஓடினான்.