ரெண்டு நாள் எம்சி

பூன் லே பலதுறை மருந்தகத்தில்
காய்ச்சல் முப்பத்தெட்டரை.
திரை கேட்டது:
விடுப்புச் சான்று வேண்டுமா?
மூளைக்கு முன்னே நாக்கு சொல்லிவிட்டது,
"ரெண்டு நாள்."

துவாஸில் பாரந்தூக்கிகள்
ஆளில்லாமல் அசையத் தொடங்கி ஆறு வருடம்.
நான் உட்கார்ந்திருந்த கண்ணாடிக் கூண்டைக்
கழற்றிவிட்டார்கள், கனம் குறையட்டும் என்று.
அவை இப்போது நம் எல்லோருடையவை.
ஒன்றாம் தேதி விடியுமுன் பங்கு வந்து விழும்,
எனக்கும் கீழ்வீட்டு ரோஸ்லானுக்கும்
போன வாரம் பிறந்த அவன் பேத்திக்கும்
ஒரே தொகை.
குறை சொல்ல வாயில்லை.
வாடகை கிடையாது. அரிசி உண்டு.
வாரம் மூன்று நாள் மீன்கூட.

ஆனாலும் சான்றை நான்காய் மடித்துச்
சட்டைப் பையில் வைத்துக்கொண்டு
பேருந்து நிறுத்தத்தில் நின்றேன்.
யாரிடம் கொடுப்பது?
வந்த பேருந்தில் ஓட்டுநரும் இல்லை.
மேற்பார்வையாளர் கோ இருந்திருந்தால்
"நீ வரலன்னா கப்பல் நிக்கும் லா" என்று கத்தியிருப்பார்.
அந்தக் கத்தலையும் சேர்த்துத்தான்
சம்பளம் என்று எண்ணியிருந்தேன் போல.

செண்பகவல்லி தாளைப் பிரித்துப் படித்தாள்.
சிரிக்கவில்லை.
"சரி, ரெண்டு நாள் லீவு.
மூணாம் நாள் பாத்திரம் உங்களோடது."
குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள்.

கஞ்சி வந்தது. தூங்கினேன்.

மூன்றாம் நாள் நாலே முக்காலுக்கு,
முதல் ஷிப்ட் நேரம்,
எழுப்பாமலே எழுந்து கழுவினேன்.
ஒரு தட்டு உடைந்தது.
பிடித்தம் எதுவும் இல்லை.
திட்டு மட்டும்
முழுசாகக் கிடைத்தது.