பார்த்துக்கொள்ளுதல்

சாங்கியில் ராத்திரி வேலை முடிந்து
ஐந்தே முக்காலுக்குள் செங்காங் வந்துவிட வேண்டும்.
அவள் கால் தரையைத் தொடுமுன்
உறையை மாட்டியாக வேண்டும்.
எழுந்து நின்றுவிட்டால் ரத்தம் இறங்கி
கெண்டைக்கால் நாவல்பழமாகிவிடும்.
பிறகு அந்த இறுக்கமான துணி ஏறாது.

முதலில் எனக்கு ரப்பர் கையுறை.
பிறகு அவள் குதிகால்.
சுருக்கம் விழாமல் அங்குலம் அங்குலமாக.
தூக்கத்திலேயே ஷர்வினி சொல்கிறாள்,
"அப்பா, கடுகு நசுங்குது."
கடுகு என்றால் சிரைக்குள் உறைந்து
கல்லாகிப்போன மணிகள்.
தடவிப் பார்த்து அவள் எண்ணியது நான்கு.
ஸ்கேனில் ஏழு.
நான் சொல்லவில்லை.

வகுப்பாசிரியர் ஒருமுறை மெதுவான குரலில் அழைத்தார்,
வீட்டில் எல்லாம் சரிதானே என்று.
மருத்துவமனைக் கடிதத்தை அனுப்பினேன்.
மன்னிப்புக் கேட்டார்.
வேண்டியதே இல்லை,
நீலத்தைக் கண்டு கேட்காதவர்களிடமா
பிள்ளையை விடுவது?
மின்தூக்கியில் பதினோராம் மாடிவரை
மேடம் லிம் சிபாரிசு செய்யும் தைலத்துக்கும்
தலையாட்டியிருக்கிறேன்.

டாக்டர் அமீனா பேனாவால் எல்லை வரைந்தார்.
"முழுசாப் போகாது. ஊசி போட்டுச் சுருக்கலாம்,
மறுபடி நிரம்பலாம்.
அவளோடு சேர்ந்து வளரும்.
மேனேஜ் பண்ணலாம்."

மூன்றாவது ஊசியன்று
மயக்க மருந்து அறைக்கு வெளியே
அந்தச் சொல்லுக்குத் தமிழ் தேடினேன்.
நிர்வகித்தல்: கோப்பு வாடை.
சமாளித்தல்: கடன்காரனை.
தண்ணீர் பில்லுக்கும் திடீர் மழைக்கும்
வாய்க்கு வந்தபடி நாங்கள் சொல்லும்
'பார்த்துக்கலாம்'தான் மிஞ்சியது.
அதை இப்போது எழுத்துக்கு எழுத்து செய்கிறேன்.
பார்க்கிறேன்.
சூடா, கெட்டியா, நிறம் மாறியதா.
ஊசிக்குப் பின் வீக்கம் முதலில் கூடும் என்று
சொல்லியே அனுப்பினார்கள்.
தெரிந்தும் இரண்டு இரவு தூங்கவில்லை.

பள்ளிவிட்டு வந்ததும் உறையை உரித்துப்போட்டு
சுவரில் காலை உயர்த்திப் படுக்கிறாள்.
நீலம் வடிந்து வடிந்து
ஒரு நிமிடம் மற்றக் காலைப் போலவே.
"போயிடுச்சு, பாரேன்."
"ம்."
"இறக்கினா வந்துடும்."
இறக்கினாள். வந்தது.
கூப்பிட்டதும் வந்த பூனையைப் பார்ப்பதுபோல்
சிரிக்கிறாள்.

இருக்கும் இரண்டு உறைகளில் ஒன்று கிழிசல்.
மற்றது மூங்கில் கழியில் நேற்று
மழைக்கு மாட்டிக்கொண்டது.
மணி ஐந்து ஐம்பத்திரண்டு.
ஹேர்டிரையரைக் குளிர்காற்றில் வைக்கிறேன்,
சூடு பட்டால் எலாஸ்டிக் கெட்டுவிடும்.
சத்தத்தில் விழித்துவிட்டாள்.
"இறங்காதே."
"இறங்கலையே" என்கிறாள்,
இரண்டு கால்களையும்
காற்றில் தூக்கிக்கொண்டு.